வாலாஜா ஓட்டு வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

எழுத்தாளர் மு. வரதராசனார் (மு.வ.) நூல்களுக்கென நாம் ஏற்றுக்கொண்ட பழைய ஓட்டு வீட்டின் திருப்பணி, இறையருளாலும் உங்கள் பொருளுதவியாலும் நிறைவேறியிருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “அவர் குடியிருந்த வீடா இது?” என்பதுதான். அல்ல. அப்படி ஒரு பேச்சு பரவிவிடக்கூடாது என்று வாசல் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டோம். ஆனால் அவருடைய ஊரான வேலம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘அகல் விளக்கு’ நாவலின் வேலய்யனும் சந்திரனும் பழகியது இந்த வாலாஜாவில்தான். அதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அந்தக் காலத்துத் திண்ணையையும் முற்றத்தையும் கண்ணால் காட்ட ஒரு வீடு வேண்டும். இடித்துக் கட்டாமல் பழுது பார்த்தது அதற்காகத்தான்.

சுவர்தான் பெரிய வேலை. எப்போதோ பூசிய சிமெண்ட்டுக்குள் ஈரம் அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூசினோம். செலவும் நாளும் கூடுமே என்று சிலர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புதான் ஒத்துப்போகும். வாங்கிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தார்கள். மேல்பூச்சைக் கொத்தனார்கள் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். கூடத்துச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், வெண்ணெயாய் வழுக்கும். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துவரும் காலத்தில் நமக்கு அவர்கள் கிடைத்தது பெரும்பேறு.

கூரையில் கரையான் அரித்த வாரைகளை மட்டும் மாற்றி, உடையாத ஓடுகளையே திரும்ப வேய்ந்தோம். தூண்களில் கை வைக்கவில்லை.

முன்னறையில் நாவல்கள் ஒரு வரிசை. 1949இல் வந்த திருக்குறள் தெளிவுரைக்குத் தனித் தட்டு. திருப்பத்தூரில் ஆசிரியராக இருந்தது முதல் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானது வரை அவருடைய வாழ்க்கைக் குறிப்பு சுவரில் இருக்கிறது. எந்தப் புத்தகத்தையும் கண்ணாடிக்குள் பூட்டவில்லை. பிள்ளைகள் கையில் எடுத்துப் படிக்கட்டும்.

தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு கூடத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. பின்கட்டின் வெளிச்சுவர் பூச்சு மட்டும் மழைக்காலம் கழிந்த பிறகு நடைபெறும். வீட்டில் மு.வ.வின் பழைய பதிப்புகள் வைத்திருப்பவர்கள் தந்து உதவினால், பெயரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு பெற்றுக்கொள்வோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்