களனியின் நீர்த்தேக்கங்களுக்கு ஒரு வெள்ளக்கால ஒழுங்குவிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் போதெல்லாம் லக்ஷபான, கெனியன் முதலிய நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளதாகவும், மலையகத்தில் தோன்றிக் கொழும்பருகே கடலில் சேரும் களனி கங்கையின் தாழ்நிலப் பகுதிகளில் வசிப்போர் அவதானமாக இருக்க வேண்டும் என்றும் அறிவித்தல் வருகிறது. செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் நீர் விடப்படுகிறது, அது கித்துள்கலையைக் கடந்து ஹங்வெல்லைக்கு எப்போது வந்து சேரும், கொழும்பை அண்டிய வெல்லம்பிட்டியிலும் சேதவத்தையிலும் இருப்பவர்கள் எத்தனை மணிக்குள் வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றிவிட்டு வெளியேற வேண்டும் என்பவை பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. அவதானமாக இருங்கள் என்று மட்டும் சொன்னால், இரவில் பிள்ளைகளையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எதைத் தீர்மானிக்க முடியும்?

கொழும்பின் வெள்ளத்துக்கு மலையக அணைகளே காரணம் என்று நான் சொல்லவில்லை. சுமார் 2,300 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள களனி வடிநிலத்தில் காசல்ரீ, மவுசாகலை ஆகிய இரு பெரிய நீர்த்தேக்கங்களும் உச்சியிலுள்ள ஒரு சிறு பகுதியின் மழையை மட்டுமே தாங்குகின்றன. கித்துள்கல, எட்டியாந்தோட்டை, தெரணியகல பகுதிகளில் கொட்டும் மழையைத் தடுத்து வைக்கப் பெரிய அணை எதுவும் இல்லாததால், அது நேரே ஆற்றில் இறங்குகிறது. 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் கடுவலையும் மூழ்கியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனியின் இரு கரைகளும் நீரில் அமிழ்ந்தபோதும் இந்த நடுப்பகுதி மழைக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆனால் ஆறு ஏற்கெனவே கரை தளும்ப ஓடும் வேளையில் மேலிருந்து வரும் நீர் சில மணித்தியாலம் முந்தி வருகிறதா, பிந்தி வருகிறதா என்பதே பல வீடுகளின் கதியைத் தீர்மானித்துவிடும். நம் கையில் இருக்கும் கட்டுப்பாடு அது ஒன்றுதான். அதற்காகவே அதைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த நீர்த்தேக்கங்கள் மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது; நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் அங்கிருந்த கோயில் இன்றும் வெளியே தெரிகிறது. மின்சாரம் வேண்டுமானால் நீர்த்தேக்கம் நிறைந்திருக்க வேண்டும்; வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அதில் வெற்றிடம் இருக்க வேண்டும். மூன்றாவதாகக் குடிநீரும் இருக்கிறது. வரட்சிக் காலத்தில் களனியின் நீரோட்டம் குறைந்தால் கடலின் உப்புநீர் ஆற்றில் ஏறி, கொழும்புக்கு நீர் எடுக்கும் அம்பத்தளை வரை எட்டும் அபாயம் இருக்கிறது. அப்போது மேலே மின்நிலையங்களிலிருந்து வரும் நீரே அந்த உப்பைப் பின்தள்ள உதவுகிறது. ஆகவே மழைக்காலத்தில் கண்மூடித்தனமாகத் திறந்துவிடுவதும் தீர்வாகாது.

எந்த மாதத்தில் எந்த நீர்மட்டத்துக்கு மேல் நிரப்பக்கூடாது என்ற ஒழுங்குவிதியை நீர்மின் நிலையங்களை நடத்தும் அரச நிறுவனம், நீர்ப்பாசனத் திணைக்களம், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து வகுத்து, பருவமழைக்கு முன்னரே மக்களுக்கு வெளியிட வேண்டும். கனமழை எதிர்வுகூறப்பட்டால் மழைக்கு முன்னரே சிறிது சிறிதாக நீரை விட்டு இடம் ஒதுக்க வேண்டும். அணை நிறைந்த பிறகு கதவைத் திறப்பது முகாமைத்துவம் ஆகாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரையில் சென்னை மக்கள் பட்ட பாட்டை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். அணையில் இடம் வைக்கத் தவறினால் என்ன நேரக்கூடும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்து நகரைக் காத்துவரும் ஆற்றோர வெள்ளத்தடுப்புக் கரைகளில், ஆறு உயரும்போது கதவுகளை மூட வேண்டியிருக்கிறது. மூடிய பிறகு நகருக்குள் பெய்யும் மழை போக வழியின்றி ஒழுங்கைகளில் தேங்குகிறது. வடிகானின் மூடியை மேலே தள்ளிக்கொண்டு கறுத்த நீர் வீட்டு வாசலுக்கு வருவதைக் கொலன்னாவைப் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்கலாம். அந்த நீரைத் தாங்கிவந்த சதுப்பு நிலங்களை நிரப்பிக் கட்டடம் எழுப்புவது இன்னமும் நிற்கவில்லை. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். எஞ்சியுள்ள ஈரநிலத்தில் ஒரு பேர்ச்சேனும் இனி நிரப்ப இடமளிக்கக்கூடாது.

எச்சரிக்கைகள் தமிழிலும் அதே நேரத்தில் வர வேண்டும். சிங்களத்தில் வந்த குறுஞ்செய்தியின் தமிழ் வடிவம் பல மணித்தியாலம் பிந்தி வந்தால் அதை எச்சரிக்கை என்று சொல்ல முடியாது. ஹங்வெல்லையின் நீர்மட்டத்தை மீற்றரிலும் கொழும்பு நாகலகம் வீதியில் அளக்கப்படும் ஆற்று நீர்மட்டத்தை அடியிலும் சொல்லும் நீண்டகால வழக்கத்தையும் மாற்றி, இரண்டையும் ஒரே அளவில் தர வேண்டும்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். மழைக்கால மாதங்களில் வானிலைச் செய்தியின் அருகிலேயே காசல்ரீ, மவுசாகலை நீர்மட்டங்களையும், ஹங்வெல்ல, நாகலகம் வீதி அளவீடுகளையும், வெள்ள அபாய மட்டத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் நாள்தோறும் வெளியிட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
கொலன்னாவை வாசகர் ஒருவர்