ஜோடி ஓட்டத்துக்கு ஒரே வேகம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், கணவனும் மனைவியும் சேர்ந்து சாலை ஓட்டப் பந்தயங்களுக்குத் தயாராவது பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு பேருமே ஓடுகிறவர்கள். பரிசுக்காக ஓடுகிற ஆட்கள் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, கிடைக்கிற விடிகாலையில் ஓடுகிறவர்கள். ஆகவே அந்தப் பக்கத்தை ஆசையாகத்தான் பிரித்தோம். என் கணவர் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டுரையின் முதல் அறிவுரையே, தம்பதி எப்போதும் தோளோடு தோள் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதுதான். வேகமானவர் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம், மெதுவானவர் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டுமாம், நடுவில் சந்தித்துக்கொள்ள வேண்டுமாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கணித ஆசிரியை. எழுதியவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

நான் 10 கிலோமீட்டரை ஏறக்குறைய 60 நிமிடத்தில் ஓடுவேன். அவருக்கு 70 நிமிடம் ஆகும். அதாவது பந்தயத்தில் கிலோமீட்டருக்கு எனக்கு 6 நிமிடம், அவருக்கு 7 நிமிடம். நடுவில் சந்திப்பதென்றால் ஆறரை நிமிடம். அது எனக்கு மூச்சு சற்றே வாங்கும் வேகம், அவ்வளவுதான். அவருக்கோ அது பந்தய வேகத்தையும் தாண்டியது! வாரம் முழுக்க அப்படி ஓடினால் முதலில் கெண்டைக்காலும் முழங்காலும் பேசும். அப்புறம் கீழ்க்காலின் முன் எலும்பில் வலி வரும், அதையும் பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பில் மயிரிழைக் கீறல் வரைக்கும் போகும். பயிற்சியின் பெரும்பகுதி, ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார். அந்தப் பேச்சு வேகம் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு அது ஏழே கால் நிமிடம், அவருக்கு எட்டே கால்.

இதில் ஆண், பெண் என்பதும் ஒரு பங்குதான், ஆனால் கட்டுரை நினைப்பதுபோல நேர்கோடு அல்ல. சராசரியாகப் பார்த்தால் ஆண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம், இதயமும் பெரிது. உலகத்தரத்து ஓட்டக்காரர்களிடையே வேக இடைவெளி 10 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆனால் சராசரி யார் வீட்டிலும் குடியிருப்பதில்லை. எங்கள் வீட்டில் வேகம் என்னுடையது. உங்கள் படத்துக்குக் கீழே "கணவரின் ஊக்கத்தால் ஓட வந்த மனைவி" என்று போட்டிருந்தீர்கள். இங்கே கதை தலைகீழ். நான் ஓடி முடிக்கும்வரை பையைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டருகே நின்று நின்று சலித்துப்போய்த்தான் அவர் ஷூ வாங்கினார்.

சரி, வேகம் வேறுவேறாக இருந்தால் சேர்ந்து பயிற்சி எடுப்பது எப்படி? வழிகள் நிறைய இருக்கின்றன. கட்டுரையில் அதில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் முக்கியமான குறை.

எங்களுக்கு மிகவும் உதவுவது, தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்துத் திரும்புவது. இருவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிளம்புகிறோம், அவரவர் வேகத்தில். கைக்கடிகாரம் 40 நிமிடம் காட்டியதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அப்போது நான் ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி இருப்பேன். அவர் ஐந்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். திரும்பி வரும்போது அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பார், நான் துரத்துவேன். இருவரும் வேகத்தை மாற்றாவிட்டால் 80-ஆவது நிமிடத்தில் கிளம்பிய இடத்திலேயே சரியாகச் சேர்ந்துவிடுவோம். வழியிலேயே அவரைப் பிடித்துவிட்டேன் என்றால் ஒன்று நான் அவசரப்பட்டிருக்கிறேன், இல்லை அவர் முதல் பாதியில் பாய்ந்துவிட்டு இப்போது தள்ளாடுகிறார். பெரும்பாலும் இரண்டாவதுதான். இதை நான் மட்டும் சொல்லவில்லை. மாரத்தான் முடிவுப் பட்டியல்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பலவும், இரண்டாம் பாதியில் வேகம் சரிவது பெண்களைவிட ஆண்களிடம் அதிகம் என்றே காட்டுகின்றன. இதை அவரிடம் வாசித்துக் காட்டினால் "அதெல்லாம் சராசரி, சராசரி யார் வீட்டிலும் குடியிருக்காதுன்னு நீதானே சொன்னே?" என்கிறார்.

அடுத்தது 400 மீட்டர் ஓடுதளம். நான் ஒரு சுற்றை 2 நிமிடம் 10 நொடியில் ஓடினால் அவர் இரண்டரை நிமிடத்தில் ஓடுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இருவரும் சேர்ந்து கிளம்புவது என்று வைத்துக்கொண்டோம். எனக்கு ஓய்வு 20 நொடி கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாகக் கிளம்புகிறோம், நடுவில் ஒன்றாக மூச்சு வாங்குகிறோம், ஒருவர் இன்னொருவரை இழுக்கவில்லை. தொலைவு ஓட்டமாக இருந்தால் அவர் முன்கூட்டியே கிளம்பிவிடுவார், நான் பின்னால் துரத்திப் பிடிப்பேன். என்னைவிட அவருக்குத்தான் அது பிடிக்கும். பிடிபடக்கூடாது என்று கடைசிக் கிலோமீட்டரில் அவர் ஓடும் ஓட்டத்தைப் பந்தயத்தில்கூட நான் பார்த்ததில்லை.

தோளோடு தோள் ஓடுவதே இல்லையா என்றால், இருக்கிறது, வாரத்தில் ஒரு நாள். என் பேச்சு வேகமும் அவருடைய பந்தய வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. அவருக்கு வேகப் பயிற்சி உள்ள நாளை எனக்கு இளைப்பாறும் ஓட்ட நாளாக வைத்துக்கொள்கிறோம். அன்று அவரால் பேச முடியாது. வீட்டில் பேச வேண்டிய விஷயங்களை எல்லாம் நான் அன்றைக்குத்தான் பேசி முடிப்பேன்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது இதெல்லாம் நடக்கவில்லை. வார இறுதி நீண்ட ஓட்டத்துக்கு ஒருவர் போனால் மற்றவர் வீட்டில் இருக்க வேண்டும். தொடர் ஓட்டத்தில் கோலை மாற்றுவதுபோல வாசலில் நின்று சாவியை மாற்றிக்கொண்டோம். ஒருவர் ஷூவைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். அந்த வருடங்களில் நாங்கள் சேர்ந்து ஓடியதே இல்லை என்று சொல்லலாம், ஆனால் சேர்ந்து பயிற்சி எடுத்தது அப்போதுதான் அதிகம். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தால் இளம் பெற்றோருக்கு உதவியிருக்கும்.

தோளோடு தோளில் இன்னொரு தொல்லை, சாலை. நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக ஓடுவதே பாதுகாப்பு. பந்தயத்திலும் கைகோத்த ஜோடி பின்னால் வருகிறவருக்கு ஒரு சுவர்தான். கணக்கும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. பந்தயத் தூரத்தை அளக்கும்போது வளைவின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, இருப்பதிலேயே குறுகிய தடத்தில் அளக்கிறார்கள். ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடுகிறவர், வளைவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழு வட்டம் ஆகும்போதெல்லாம் 6.28 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். வட்டம் சிறியதா பெரியதா என்பது பொருட்டே இல்லை, இரண்டு பை (2π) மீட்டர், அவ்வளவுதான். (என் மாணவர்கள் இதை நம்ப மறுப்பார்கள், மைதானத்தில் கயிறு கட்டிக் காட்டினேன்.)

தண்ணீர் பற்றிய பகுதிதான் எனக்கு உண்மையில் பயம் தந்தது. பின்தங்கி வரும் துணையை ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நிறுத்தி, தாகம் இல்லாவிட்டாலும் குடிக்க வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஆபத்தான யோசனை. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு, மரணம் வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் அதிகம். மெதுவாக ஓடுகிறவருக்கு வியர்வையும் குறைவு, குடிக்க நேரமும் அதிகம். அதாவது அன்பான துணை டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தால் முதலில் மாட்டிக்கொள்கிறவர் அவர்தான். தாகம் எடுத்தால் குடிக்கட்டும்.

இனி சரித்திரம். பெண்களுக்கு இடம் தராத 1967 பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண் ஓடியபோது, பந்தய நிர்வாகி ஜாக் செம்பிள் பாய்ந்து அவருடைய 261-ஆம் எண் அட்டையைப் பிடுங்க முயன்றார். செம்பிளைத் தள்ளிவிட்டவரைச் சுவிட்சரின் "கணவர்" என்று குறிப்பிட்டு, தம்பதி ஓட்டத்தின் பெருமைக்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறீர்கள். தள்ளியவர் டாம் மில்லர், சங்கிலிக் குண்டு எறிபவர். அன்று அவர் காதலர்தான், கணவர் அல்ல. அடுத்த ஆண்டு மணந்துகொண்டார்கள், பிற்பாடு பிரிந்தும் விட்டார்கள். அன்று சற்று நேரத்திலேயே மில்லர் கோபித்துக்கொண்டு முன்னால் ஓடிப்போய்விட்டதாகச் சுவிட்சரே எழுதியிருக்கிறார். சுவிட்சர் ஓடி முடித்தது தன் வேகத்தில். அதே பந்தயத்தில் பாபி கிப் என்ற பெண் எண் அட்டை இல்லாமலே ஓடிச் சுவிட்சருக்கு வெகு முன்னதாகவே முடித்தார், முந்தைய வருடமும் ஓடியவர். அவர் பெயர் உங்கள் கட்டுரையில் இல்லை. பாஸ்டனில் பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது 1972-இல்தான், ஒலிம்பிக் மாரத்தானில் 1984-இல்.

ஜோடி உதாரணம்தான் வேண்டுமென்றால் செக்கோஸ்லோவாகியத் தம்பதி எமில் ஸாட்டோபெக்கையும் டானாவையும் எடுத்திருக்கலாம். இருவரும் 1922 செப்டம்பர் 19 அன்று பிறந்தவர்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஒரே நாளில் எமில் 5,000 மீட்டர் ஓட்டத்திலும், டானா ஈட்டி எறிதலிலும் தங்கம் வென்றார்கள். ஒருவர் ஓட, ஒருவர் எறிய, வேகத்தைச் சமன் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

பந்தயம் நடத்துகிறவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் "தம்பதி பிரிவு" என்று வைக்கிறார்கள். நாங்கள் கலந்துகொண்ட ஒரு பந்தயத்தில், இருவரும் கைகோத்து எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு என்று விதி. கடைசி 200 மீட்டரில் மனைவியை மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்தேன். அந்த அம்மாள் முகம் வெளுத்திருந்தது. கணவரை இழுத்த மனைவிகளும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். இந்த விதியே தேவையில்லை. எண் அட்டையின் பின்னால் ஒட்டிய சிப், தொடக்கக் கோட்டு விரிப்பைத் தாண்டும்போது ஒரு நேரத்தையும் முடிவுக் கோட்டில் ஒரு நேரத்தையும் பதிந்துகொள்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி நேரம் தயாராக இருக்கிறது. இருவர் நேரத்தையும் கூட்டினால் போதும், எந்த ஜோடியின் கூட்டுத்தொகை குறைவோ அந்த ஜோடிக்குப் பரிசு. வயதான ஜோடிகளுக்கும் நியாயம் வேண்டுமென்றால் வயது, பாலினம் பார்த்து ஒவ்வொரு நேரத்தையும் சதவீதமாக மாற்றும் அட்டவணைகள் முதியோர் தடகளத்தில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. அதில் வரும் இரண்டு சதவீதங்களைக் கூட்டலாம். அந்தக் கணக்கில் அறுபது வயது ஜோடி முப்பது வயது ஜோடியைத் தோற்கடிக்க முடியும். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

கையைப் பிடித்துக்கொண்டு முடிக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக முடிக்கட்டும், ஓரமாகப் போய். 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் ஜெர்மனியின் இரட்டைச் சகோதரிகள் ஹானர் அப்படிக் கைகோத்து முடித்ததற்கு அவர்கள் நாட்டிலேயே கடிந்துகொண்டார்கள். நம்மைப் போன்றவர்களை யாரும் கடியப் போவதில்லை. விதியாக மட்டும் ஆக்க வேண்டாம்.

மில்லர் பற்றிய திருத்தத்தையும், தண்ணீர் பற்றிய திருத்தத்தையும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தை அனுப்பும் முன் என் கணவரிடம் காட்டினேன். "நீளமா இருக்கு, வெட்டுவாங்க. வெட்டுறதா இருந்தா என்னைப் பத்தி எழுதினதை வெட்டட்டும், தண்ணி விஷயத்தை வெட்ட வேண்டாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓடும் வாசகி ஒருத்தி