கிழநாய்க்கும் பாடம் ஏறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார இதழின் வாசகர் பகுதியில், தமது ஒன்பது வயது நாய் சொல் கேட்பதே இல்லை என்றும், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதால் இனி அதற்கு எதையும் பழக்க முயல்வது வீண்வேலை என்றும் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பழமொழி பிள்ளை வளர்ப்பைப் பற்றியது. பிள்ளைகளைப் பொறுத்தவரையிலும் அது எவ்வளவு தூரம் சரி என்பதில் முப்பத்து நான்கு வருடம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த எனக்குச் சந்தேகம் உண்டு. நாய்களைப் பொறுத்தவரையில் அது சரியல்ல என்பதை, ஹட்டனுக்குக் கிட்டிய ஒரு தோட்டத்தில் இரண்டு வருடங்களாகக் கிழநாய் ஒன்றோடு மாரடித்து வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் இருந்த குடும்பம் வேலை தேடிக் கொழும்புக்குப் போனபோது, கூட்டிச்செல்ல வழியில்லாமல் விட்டுச்சென்ற நாய் அது. பெயர் டொமி. முகவாய் முழுவதும் நரைத்து, கண்மணிகளில் நீலம் பாரித்திருந்த அந்த நாய்க்குப் பத்து வயதுக்குக் குறையாது என்று கால்நடை வைத்தியர் சொன்னார். கூப்பிட்டால் வராது, போ என்றால் போகாது. பொழுது இறங்கியதும் தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாடும் இடம் இது. நாய்களைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. ஆகவே மாலை ஆறு மணிக்கு முன்னர் டொமி வீட்டுக்குள் வந்தாக வேண்டும். நானோ முற்றத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்துவேன். அது முப்பது அடி தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டியபடி வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பிடிவாதம் பிடித்த நாய் என்று முடிவுகட்டி இரண்டு தடவை தடியையும் எடுத்திருக்கிறேன்.

ஒருநாள் குசினியில் என் கை தவறி அலுமினியச் சட்டியின் மூடி சிமெந்துத் தரையில் விழுந்தது. வீடே அதிர்ந்த அந்தச் சத்தத்துக்கு, வாசற்படியில் படுத்திருந்த டொமியின் காது மடல்கூட அசையவில்லை. நான் கிட்டப்போய் நின்றபோது தரையின் அதிர்வை உணர்ந்தோ என்னவோ திரும்பிப் பார்த்து, வாலை ஆட்டியது. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளையை மக்கு என்று ஒரு தவணை முழுவதும் ஏசிவிட்டு, கரும்பலகை எழுத்தே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைப் பிறகு அறிந்துகொண்ட நாள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அன்று தொடக்கம் பாடத்தைக் கைச்சைகைக்கு மாற்றினேன். முதலில் கற்பித்தது மிகச் சிறிய விடயம்: உள்ளங்கையை விரித்து நீட்டினால் அதை மூக்கால் தொட வேண்டும். தொட்ட மறு நொடியே, கடலைப் பருப்பளவு அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு வாய்க்குள் போக வேண்டும். இந்த மறு நொடி என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. ஈரலைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் நாய் தலையைத் திருப்பி ஒரு ஈயைப் பார்த்துவிட்டால், ஈயைப் பார்த்ததற்குத்தான் சம்பளம் கிடைத்தது என்று அது விளங்கிக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் போனதில்லை. அதற்குமேல் போனால் அது கொட்டாவி விட்டு மூக்கை நக்கத் தொடங்கிவிடும். எட்டாம் நாள் உள்ளங்கையைக் கண்டால் தானாக எழுந்து வந்தது. அதன் பிறகு கையைப் பக்கவாட்டில் அகல வீசி மார்போடு சேர்ப்பதை 'வா' என்பதற்கு அடையாளமாக்கினேன். நாய்க்கண் அசையாத பொருளைவிட அசைகின்ற பொருளைத் தூரத்திலும் நன்றாகப் பிடிக்கும் என்பதால் வீச்சு பெரிதாக இருக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் டோர்ச்லைற்றை இரண்டு முறை அணைத்து எரிப்பதும் அதே அழைப்புத்தான்.

வித்தை என்றவுடன் பின்னங்காலில் நிற்பதையும் வளையத்துக்குள் பாய்வதையும் நினைப்பவர்கள் கிழநாயின் மூட்டுகளை மறந்துவிடுகிறார்கள். டொமிக்குக் கை கொடுக்கப் பழக்கியபோது, இடது காலைத் தூக்கி வைத்தது. வலது காலைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முரண்டு பிடிக்கிறது என்று இந்த முறை நான் நினைக்கவில்லை. வைத்தியரிடம் காட்டினேன், வலது முழங்கையில் மூட்டுவாதம். அதற்குப் பிறகு இடது கையை மட்டுமே கேட்கிறேன். மெழுகிய சிவப்புச் சிமெந்துத் தரையில் அதன் கால்கள் வழுக்கியதால், என் மனைவி கொழுந்து எடுத்த காலத்தில் இடுப்பில் கட்டிய பழைய படங்கை விரித்து அதன் மேலேதான் பாடம் நடக்கிறது.

டொமி அதிகம் விரும்புவது சிரட்டை விளையாட்டுத்தான். மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் ஈரலை வைத்து இடம் மாற்றினால், ஒவ்வொன்றாக முகர்ந்து சரியான சிரட்டையைப் புரட்டிவிடும். காதும் கண்ணும் மங்கிய நாய்க்கும் மூக்கு நெடுங்காலம் கைகொடுக்கும்.

இது ஒரு நாயின் கதை மாத்திரம் அல்ல. வியன்னாவில் ஐந்து மாதக் குட்டியிலிருந்து பதின்மூன்று வயதுக் கிழம் வரை 95 பார்டர் கோலி நாய்களைத் தொடுதிரையின் முன் நிறுத்தி நடத்திய ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. புதிய படங்களை வேறுபிரித்து அறிய வயதான நாய்களுக்குக் கூடுதலான தடவைகள் தேவைப்பட்டன என்பதையும், பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்வது அவற்றுக்குக் கடினமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தெரிந்த தவறான படத்தை ஒதுக்கி, தெரியாத மற்றதே சரியாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கும் சோதனையில் மூத்த நாய்களே முந்தின. ஒருமுறை கற்றதை ஆறு மாதம் கழித்து நினைவுகூர்வதில் இளையவை, மூத்தவை என்ற வித்தியாசம் காணப்படவில்லை. தாமதமாக ஏறும், ஏறியது நிற்கும் என்பதுதான் என்னுடைய அனுபவமும்.

எழுதிய அன்பருக்கு இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, இதுவரை சொல் கேட்ட நாய் திடீரென்று கேட்காமல் போனாலோ, பழகிய வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் மூலையில் நின்றாலோ, இரவு பகல் மாறி விழித்திருந்தாலோ, பயிற்சியை ஒருபுறம் வைத்துவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்; வலியும் செவிட்டுத்தனமும் முதுமை மறதியும் வெளியில் இருந்து பார்ப்பவருக்குப் பிடிவாதம் போலவே தெரியும். ஊரில் முடியாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலை இருக்கிறது. பரிசாகக் கொடுக்கும் தீனியில் வெங்காயமும் சொக்லேற்றும் சேரக் கூடாது. இரண்டும் நாய்க்கு நஞ்சு. கருவாடு கொடுப்பதென்றால் உப்புப் போகும்வரை ஊறவைத்துக் கழுவிக் கொடுங்கள்.

இரண்டாவது, உங்கள் நாய்க்கு இன்னும் காது கேட்குமானால் கைச்சைகையை இப்போதே தொடங்குங்கள். கையை முதலில் காட்டி, ஒரு கணம் பொறுத்து, அதன் பிறகே வழக்கமான சொல்லைச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நாய் பழகிய சொல்லையே பிடித்துக்கொண்டு கையைக் கவனிக்காது. சில நாட்களில், சொல் வாயிலிருந்து வருவதற்கு முன்னரே அது எழுந்து வரத் தொடங்கும். அப்போது சொல்லை நிறுத்திப் பாருங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்.