சனிக்கிழமை மன்றத்துக்குக் கை கொடுங்கள்

நம் ஐடிஐயில் (அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில்) படித்துப் போன அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். சனிக்கிழமைதோறும் கூடும் பயிற்சியாளர் மன்றத்துக்கு, அதாவது இப்போது இங்கே படிக்கும் பிள்ளைகளின் மன்றத்துக்கு, நன்கொடை கேட்டு எழுதுகிறோம்.

போன வருஷம் வெல்டர் டிரேடு தம்பி ஒருவன் மாவட்டத் திறன் போட்டிக்குப் போனான். நல்ல கை. தட்டையாக வைத்த பிளேட்டில் அவன் போடும் வெல்டு மீன் செதில் மாதிரி வரிசையாக விழும். போட்டியில் கொடுத்த டிராயிங்கில் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டிய செங்குத்து வெல்டு இருந்தது. செங்குத்தாகப் போடும்போது உருகின இரும்பு கீழே வழியத்தான் பார்க்கும். ஆம்பியரைக் குறைத்து (மின்னோட்டத்தைக் குறைத்து), ராடை, அதாவது உருகிச் சேரும் வெல்டிங் குச்சியை, இரண்டு ஓரத்திலும் ஒரு நொடி நிறுத்தி நிறுத்தி ஏற்ற வேண்டும். அவனுக்கு இது தெரியாமல் இல்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நாலைந்து ராடு போட்டும் பார்த்திருந்தான். நாலைந்து ராடில் படிகிற வேலையா அது? தோற்றுவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் பட்டறை வாசலில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு பாக்கெட் ராடு கிடைச்சிருந்தா போதும்ணே" என்றான். இந்த வேண்டுகோளை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

இதில் யார் மேலும் குறை சொல்வதற்கில்லை. அரசு ஐடிஐயில் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. 2,877 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு 71 அரசு ஐடிஐகளில் ரோபோவும் கணினி இயக்கும் சிஎன்சி எந்திரமும் கொண்டுவந்திருக்கிறார்கள். நாம் படித்தபோது இதில் பாதி கூட இல்லை. ஆனால் பயிற்சிக்கான இரும்பும் ராடும் பாடத்திட்டத்தின் அளவுக்குத்தான் வரும். அதற்கு மேல் பழக விரும்புகிற பிள்ளைக்கு வழி இல்லை. பிள்ளைகள் தாங்களாகக் கூடிப் பேசவும், ஒரு காரியத்தை முன்னின்று நடத்தவும் ஓர் இடமும் இருந்ததில்லை.

அந்த இடமாகத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பயிற்சியாளர் மன்றத்தைத் தொடங்கினோம். முதல் சனிக்கிழமை புங்கை மரத்தடியில் 11 பேர் வந்தார்கள். இப்போது 64 பேர். தலைவர், செயலர், பொருளாளர் மூவரையும் பயிற்சியாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்னாள் மாணவர்களான நாங்கள் 13 பேர் பக்கத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

மன்றத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு பேர், தாங்கள் பட்டறையில் செய்த ஜாப்பை (பயிற்சிப் பொருளை) கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். முதலில் தமிழில், அப்புறம் முடிந்த அளவு ஆங்கிலத்தில். ஃபிட்டர் டிரேடு தங்கை ஒருத்தி இருக்கிறாள். அரம் போட்டு அவள் செய்யும், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் ஆண்-பெண் ஃபிட்டிங்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியாது. கம்பெனி நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பெயரைச் சொன்னவள், அதற்குமேல் பேச்சு வராமல் எழுந்து வந்துவிட்டாள். அதன் பிறகு மன்றத்தில் ஏழு சனிக்கிழமை பேசினாள். நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவியில் 0.02 மில்லிமீட்டர் வரை எப்படிப் படிப்பது என்று போன மாதம் புதிய பேட்சுக்கு அவள்தான் வகுப்பெடுத்தாள். குரல் கடைசி வரிசை வரை கேட்டது. இப்போது ஓசூரில் அப்ரண்டிஸாக இருக்கிறாள்.

இன்னொரு அக்கா 34 வயதில் எலக்ட்ரீஷியன் டிரேடில் சேர்ந்தார். பெண்களுக்கு இங்கே மேல் வயது வரம்பு இல்லை என்பது வெளியே பலருக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் நடுவில் கூச்சப்பட்டு ஒதுங்கியே இருந்தவரை மன்றத்துக்குச் செயலராகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்குக் கூட்டக் குறிப்பு எழுதுவதும் வருகைப் பதிவும் அவர் பொறுப்பு.

தொழிற்கல்வியில் மாணவர் அமைப்பு என்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. அமெரிக்காவில் விவசாயம் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான எஃப்எஃப்ஏ 1928-இல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கியது. பட்டறைத் தொழில் படிப்பவர்களுக்காக 1965-இல் வேறு பெயரில் தொடங்கிய அமைப்பு இன்று ஸ்கில்ஸ்யூஎஸ்ஏ என்ற பெயரில் நடக்கிறது. பேச்சு, கூட்டம் நடத்துவது, போட்டிக்குத் தயாராவது எல்லாம் அங்கே படிப்போடு சேர்ந்தே போகிறது. நம் நாட்டில் ஐடிஐ பயிற்சித் திட்டம் 1950-இலேயே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எந்திரத்தைப் பற்றி யோசித்த அளவுக்கு, அதன் முன்னால் நிற்கிற பிள்ளையைப் பற்றி நாம் யோசிக்கவில்லை என்பது எங்கள் வருத்தம்.

சரி, பணத்துக்கு வருகிறோம். ஆகஸ்டில் தொடங்கும் பயிற்சி ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் தேவை. எங்கள் 13 பேரும் ஆளுக்கு 5,000 போட்டதில் 65,000 சேர்ந்துவிட்டது. மீதி 4,15,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

பெரிய செலவு பழகுவதற்கான பொருள்தான். ராடு, எம்.எஸ். பிளாட் (இரும்புப் பட்டை), ஹேக்சா பிளேடு, கிரைண்டிங் வீல், ஒயர். ஒரு பயிற்சியாளருக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் என்று போட்டு, 30 பேருக்கு 1,80,000. யார் அந்த 30 பேர் என்பதை மதிப்பெண் முடிவு செய்யாது, சனிக்கிழமை வருகைதான் முடிவு செய்யும். தேர்வில் பின்தங்கியவனுக்கும் கை பழக வேண்டும் என்பதில் குழுவுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது, கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

அடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகிவிட்டுத் திருப்பிக் கொடுக்க ஒரு கருவி நூலகம். வெர்னியர், மைக்ரோமீட்டர், மல்டிமீட்டர், தானாக இருளும் வெல்டிங் ஹெல்மெட். இதற்கு 1,20,000. ஹெல்மெட்டைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கண்ணில் ஆர்க் (வெல்டிங் ஒளி) அடித்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி உறுத்தும், தண்ணீராய்க் கொட்டும். வெல்டிங் செய்த எல்லோருக்கும் அந்த ராத்திரி ஞாபகம் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அது வர வேண்டாம்.

போட்டிகளுக்குப் போய்வர 90,000. மாவட்டம், மாநிலம் என்று ஏறி தேசியப் போட்டி வரை போகலாம், அதற்கு மேல் உலகத் திறன் போட்டியும் இருக்கிறது. 2024-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தபோது இந்தியா 4 வெண்கலம் வாங்கியது. பெரும்பாலான பிரிவுகளில் 22 வயதுக்குள் இருப்பவர்களே கலந்துகொள்ள முடியும். நம் பிள்ளைகளின் வயதும் அதுதான், தள்ளிப்போட நேரம் இல்லை. மீதியில் 40,000 சனிக்கிழமைக் கூட்டங்களுக்கும் செய்தித்தாள், புத்தகங்களுக்கும். 50,000 அவசர இருப்பு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளையை இரண்டு மாதம் தாங்கிப் பிடிக்க அது வேண்டும்.

500 ரூபாயும் பெரிய தொகைதான். 6,000 கொடுத்தால் ஒரு பிள்ளையின் வருஷம் முழுவதும் உங்கள் கணக்கு. பேட்சாகச் சேர்ந்து கொடுப்பது இன்னும் நல்லது. ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறோம்: இந்த நன்கொடைக்கு வருமான வரி விலக்குக் கிடைக்காது, மன்றத்துக்கு இன்னும் அந்தப் பதிவு இல்லை. வங்கிக் கணக்கு மன்றத்தின் பெயரில் இருக்கிறது. பயிற்சியாளர் பொருளாளர், முன்னாள் மாணவர் ஒருவர், ஜேடிஓ (இளநிலைப் பயிற்சி அலுவலர்) ஒருவர் என மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், உங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவுக்கும் வரும். கணக்கு எண்ணும் அந்தக் குழுக்களில்தான் வரும். ரொக்கம் வசூலிக்க யாரையும் நாங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை, அப்படி யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

பணம் இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். ஒரகடம், அம்பத்தூர் பக்கம் வேலையில் இருப்பவர்கள், வெட்டி மிஞ்சிய பிளேட் துண்டுகளை முறைப்படி மேலாளரிடம் கேட்டு வாங்கித் தந்தால் அதுவே ஆயிரங்களுக்குச் சமம். இருபது வருஷம் லேத்தில் நின்றவர் ஒரு சனிக்கிழமை வந்து, ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, "டூலை இப்படிக் கட்டு" என்று சொன்னால் அதற்கு எங்களிடம் விலையே இல்லை.

ஜூலை 31-க்குள் தொகை வந்துவிட்டால் புதிய பேட்ச் வருவதற்குள் பொருள் வாங்கி அடுக்கிவிடலாம். சனிக்கிழமை மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை எப்போது வேண்டுமானாலும் நேரில் வந்து பாருங்கள். ஷூ போட்டு வாருங்கள், செருப்போடு பட்டறைக்குள் விடமாட்டார்கள். போட்டியில் தோற்ற அந்தத் தம்பி இப்போது செங்குத்து வெல்டில் இரண்டாவது பாக்கெட் ராடில் இருக்கிறான். வந்தால் அவன் போட்டதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் குழுவும் பயிற்சியாளர் மன்றமும்