எரிந்தது தண்ணீர் இல்லை

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் இப்போது எழுதுகிறான். திட்டி முடித்துவிட்டு மேலே படி. முழங்கால் பரவாயில்லை. பேத்தி நடக்கிறாள். தண்டபாணி இன்னும் அந்த நூறு ரூபாயைத் தரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்த உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

1659 பிப்ரவரி கடைசி. தாமஸ் ஷர்லி என்பவர் இங்கிலாந்தில் விகன் நகரத்து வீட்டுக்குத் திரும்புகிறார். ஒரு மைல் தள்ளி ஓர் ஊற்று. அதன் தண்ணீர் எண்ணெய் போல எரிகிறது என்று ஊரே சத்தியம் செய்கிறது. போய் மெழுகுவத்தியைக் காட்டினால் நிஜமாகவே குப்பென்று பற்றுகிறது! நாம் இரண்டு பேரும் அங்கே இருந்திருந்தால் கும்பிட்டு ஓர் உண்டியலும் வைத்திருப்போம். அவரோ, எரிந்த இடத்துத் தண்ணீரையே ஒரு பாத்திரத்தில் மொண்டு அதில் சுடரைக் காட்டினார். சுடர் அணைந்துவிட்டது. ஊற்று உலை மாதிரி கொதித்துக்கொண்டிருந்ததா, அதற்குள் கையை விட்டார். வெதுவெதுப்புகூட இல்லை.

முப்பது நாற்பது கஜத்தில் கரிக்குழி இருந்தது அவருக்குத் தெரியும். எரிந்த இடத்துத் தண்ணீர்மேல் கை வைத்தால் காற்று வேகமாக அடித்தது. அந்தத் தண்ணீரை இறைக்கச் சொன்னார். காய்ந்த மண்மேல் சுடரைக் காட்டினார். ஒன்றரை அடி உயரத்துக்கு எரிந்தது. தண்ணீர் எரியாது என்று சொன்னதற்காகக் கூட வந்தவர்கள் இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து நெருப்பின் மேல் ஊற்றச் சொன்னார். நெருப்பும் அணைந்தது, சிரிப்பும் நின்றது. 1667-ல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் அவரே எழுதியிருக்கிறார். மண்ணிலிருந்து வந்து எரிந்த அந்த வாயுவுக்கு மீத்தேன் என்ற பெயர் வர இன்னும் இருநூறு வருஷம் இருந்தது. அந்த வாளியை நினைத்து நினைத்து ரெண்டு நாளாகச் சிரிக்கிறேன்; வீட்டில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

அப்புறம் அதே விகன் பக்கம் ஜான் கிளேட்டன் என்றொரு பாதிரியார். நிலக்கரியை ஒரு வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தில், போட்டுக் காய்ச்சினார். முதலில் நீர் வந்தது, பிறகு கறுப்பு எண்ணெய், கடைசியில் எதற்கும் அடங்காத ஓர் ஆவி. அதை மாட்டின் மூத்திரப்பைகளில் பிடித்துவைத்து, விருந்தாளி வந்தால் ஊசியால் குத்தி, பையை அமுக்கிக்கொண்டே மெழுகுவத்திமுன் காட்டி எரியவிடுவாராம். விஞ்ஞானி ராபர்ட் பாயிலுக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினார். பாயில் இறந்தது 1691-ல், அந்தக் கடிதம் அச்சானது 1739-ல். என் எட்டு மாதத்தைப் பற்றி இனிமேல் வாயைத் திறக்காதே.

ஆனால் இந்த வேடிக்கை ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. 1812-ல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் இதே மீத்தேன் வெடித்துப் பெரியவர்களும் சிறுவர்களுமாக 92 பேர் போனார்கள். சுடர் வெளியே தாவி வாயுவைப் பற்றவைக்காதபடி தடுக்கும் கம்பிவலை விளக்கோடு விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி வந்தது 1815-ல். ஷர்லியின் வாளிக்கும் அந்த விளக்குக்கும் நடுவில் நூற்றைம்பது வருஷம், சேகர். எரிவது என்ன என்று தெரிந்துகொண்டே ஆட்களைத் திறந்த மெழுகுவத்தியோடு கீழே இறக்கியிருக்கிறார்கள். இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

சுரங்கத்தில் இந்த வாயு இருந்தால், விளக்குத் திரியைத் தாழ்த்தும்போது சுடருக்கு மேல் நீலத் தொப்பி போலத் தெரியும், வாயு கூடக்கூட அது உயரும் என்று நீ ஒருமுறை சொன்னாய். தொப்பி உயர்ந்ததைப் பார்த்து எல்லாரையும் மேலே அனுப்பிய இரவைப் பற்றி ஆரம்பித்து, பாதியில் காபி கேட்டு எழுந்துபோனாய். மீதியை எழுது.

உன்,
ராமு