என் போன்ல பேரு இருக்கற எல்லாருக்கும், அப்புறம் அந்த ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும்

என் போன்ல உங்க நம்பர் இருந்துச்சுங்கற ஒரே காரணத்துக்காக அந்தக் கருமத்தையெல்லாம் பாக்க வேண்டி வந்த அத்தனை பேருக்கும் வணக்கமுங்க. கடன் ஆப்புக் கும்பல் என் மூஞ்சியை வெட்டி ஒட்டுன படத்தை உங்களுக்கெல்லாம் அனுப்புனானுங்க, அதுக்கு மேல என்ன நடந்துச்சுன்னு நான் திரும்ப எழுதப் போறதில்ல, உங்க போனுக்கே வந்துச்சு, வாய்ஸ் மெசேஜும் வந்துச்சு, சில பேருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல போனே போட்டு எங்கம்மாவைப் பத்திக் கூட பேசியிருக்கானுங்க. இன்னிக்கு சாயங்காலம் ஸ்டேஷன்ல இருந்து கூப்ட்டாங்க, எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு காப்பி வந்து வாங்கிக்கம்மான்னு. போய் வாங்கிட்டு இப்பதான் வந்தேன், சாப்புடக் கூட இல்ல, இதை எழுதிட்டுத்தான் படுக்கணும்னு உக்காந்திருக்கேன்.

முதல்ல எல்லாருக்கும் சேத்து சொல்லிடறேன். வீட்டு ஓனர் அத்தை, எங்க லைன்ல ஓவர்லாக் ஓட்டற அக்காங்க, செக்கிங் டேபிள்ல கூட நிக்கற புள்ளைங்க, பால்காரண்ணன், எட்டாவதுல எனக்கு கணக்கு சொல்லிக்குடுத்த டீச்சர், தம்பியோட ஃப்ரெண்டுங்க, உங்கள்ல ஒருத்தர் கூட "நெசமா அது நீதானா"ன்னு கேக்கல. அந்த ஒரு கேள்வி வந்துருமோன்னுதான் நான் போனையே பாக்காம கவுத்துப் போட்டு வெச்சிருந்தேன். சூப்பர்வைசர் சார் எல்லாரையும் நிக்க வெச்சு, யாருக்கு என்ன வந்திருந்தாலும் நம்பரும் நேரமும் தெரியற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் புள்ளைக்கு மட்டும் அனுப்பிட்டு அழிச்சுருங்க, ஒருத்தருக்கொருத்தர் காட்டற வேலை வெச்சுக்காதீங்கன்னு சொன்னாராம். சார், நீங்க சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. என் போனுக்கு வந்தது மிரட்டல் மட்டும்தான், அதை வெளிய பரப்புனாங்கறதுக்கு உங்க எல்லார் போன்லயும் இருந்ததுதான் சாட்சின்னு எஸ்.ஐ. மேடம் சொன்னாங்க. தம்பி அன்னிக்கு ராத்திரியே 1930க்கு அடிச்சு, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல ஏத்தி, அக்னாலெட்ஜ்மென்ட் நம்பரை நோட்டுல எழுதி வெச்சான். இலவச சட்ட உதவியில இருந்து வந்த வக்கீலம்மா மனுவை ஒரு வரி விடாம படிச்சுத் திருத்திக் குடுத்தாங்க. மாமா, நீங்க உடனே காசு அனுப்பறேன்னு சொன்னீங்க, அந்த மனசுக்கு நன்றி, வேணாம்னு நான் கத்துனதுக்கு கோவிச்சுக்காதீங்க. நான் முழுசா கட்டி முடிச்ச கடன் மாமா அது. கட்டுனதுக்கு அப்புறமும் லோன் குளோஸ் ஆகல, லேட் ஃபீ இருக்குன்னு வேற வேற நம்பர்ல இருந்து வேற வேற யு.பி.ஐ. ஐடி அனுப்பிட்டே இருந்தானுங்க, நீங்க அனுப்பியிருந்தாலும் அடுத்த நாள் உங்ககிட்டயே கேட்டிருப்பானுங்க.

இப்ப நான் சொல்ல வந்தவரைப் பத்தி. அவருக்கு என்னைத் தெரியாது, என் போன்ல அவர் நம்பர் கிடையாது, அதனால அவருக்கு எந்தப் படமும் போகல.

ஸ்டேஷன்ல எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து பைலா கொண்டு வரச் சொன்னாங்க. சாட், படம், கால் லிஸ்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், பணம் வந்ததுக்கும் போனதுக்கும் யு.டி.ஆர். நம்பர், ஆப்போட பக்கம், எல்லாம். சொல்றது சுலபமா இருக்குங்க, ஆனா நம்ம ஊர்ல ஜெராக்ஸ் கடைக்குப் போனா முதல்ல என்ன சொல்லுவாங்க, "நம்ம வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுங்க"ம்பாங்க. அந்த படத்தை நான் என் கையால இன்னொரு முன்னப்பின்ன தெரியாத ஆளோட வாட்ஸப்புக்கு அனுப்பணும். அவன் அனுப்புனான், சரி, இப்ப நானே அனுப்பணுமா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடைக்குப் போனேன், காலேஜ் பசங்க கூட்டம், அப்படியே திரும்பிட்டேன். இன்னொரு கடையில கவுன்டர் வரைக்கும் போயிட்டு ஒரு பேனா வாங்கிட்டு வந்தேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு வீட்டுக்கு நடக்கும்போதுதான் இந்த சின்ன கடை, ஒரு மெஷினு, ஒரு கம்ப்யூட்டரு, ஸ்கூல் பசங்களுக்கு சார்ட் பேப்பர் தொங்குது, அம்பது வயசுக்கு மேல ஒரு அண்ணன்.

"பிரிண்ட் எடுக்கணுமுங்க, ஸ்டேஷனுக்கு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவரு என் மூஞ்சியைப் பாத்தாரா, போனை நெஞ்சோட புடிச்சிருந்ததைப் பாத்தாரான்னு தெரியல. "எனக்கு அனுப்ப வேண்டாமுங்க அம்மிணி, கேபிள் போட்டுக்கலாம்"னு சொல்லிட்டு டிராயர்ல இருந்து ஒயரை எடுத்துக் குடுத்தாரு. தன்னோட சேரை எனக்கு விட்டுட்டு மானிட்டரை சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சாரு. அப்புறம் கடை வாசப்படியில போய் ரோட்டைப் பாத்துட்டு நின்னுக்கிட்டாரு. அங்க இருந்தே சொல்லிக்குடுக்கறாரு, போல்டரைத் திறங்க, எல்லாத்தையும் செலக்ட் பண்ணுங்க, கண்ட்ரோல் பி அழுத்துங்க, ஒரு பக்கத்துக்கு ஒண்ணுன்னு வைங்க, மேல நம்பரும் தேதியும் அறுபடாம வருதான்னு பாத்துக்கோங்க. நான் கம்ப்யூட்டர் தொட்டுப் பல வருஷம் ஆச்சு, தப்புத் தப்பா அழுத்தறேன், ஒரு தடவை கூட உள்ள வந்து எட்டிப் பாக்கல. ஒருத்தர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு, அரை மணி நேரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாரு.

நடுவுல பேப்பர் மாட்டிக்கிச்சு. எனக்கு உசுரே போச்சு, ஏன்னா மாட்டுனது படம் இருக்கற பக்கம். வெளிய இருந்து சத்தத்தை வெச்சே கண்டுபுடிச்சுட்டாரு, "பேப்பர் மாட்டிக்கிச்சுங்களா, நான் வந்து எடுக்கலாமுங்களா"ன்னு கேட்டாரு. அவரோட கடை, அவரோட மெஷினு, என்கிட்ட பர்மிஷன் கேட்டாரு. நான் ம்ம்னு சொன்னதுக்கப்புறம் வந்து, மூடியைத் திறந்து, அந்தத் தாளை வெள்ளைப் பக்கம் மேல வர்ற மாதிரி புடிச்சு உருவி, கவுத்து என் கையில குடுத்துட்டு மறுபடியும் வாசல்ல போய் நின்னுக்கிட்டாரு.

எல்லாம் முடிஞ்சதும் "தேதிவாரியா அடுக்கிக்கோங்க அம்மிணி, எழுதறவங்களுக்கு சுலபமா இருக்கும், ரெண்டு செட்டா போட்டுக்கோங்க, ஒண்ணை நீங்க வெச்சுக்கோங்க, குடுத்ததுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காம வராதீங்க"ன்னு சொன்னாரு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, இந்த மாதிரி பைல் அவரு கடையில இதுக்கு முன்னாடியும் ரெடியாகியிருக்கு, என்னை மாதிரி யாரோ அந்த சேர்ல உக்காந்திருக்காங்க. கம்ப்யூட்டர்ல எதுவும் தங்கியிருக்கான்னு என்னையே பாக்கச் சொன்னாரு, ரீசைக்கிள் பின்னையும் என் கையாலயே காலி பண்ண வெச்சாரு. காக்கிக் கவர் ஒண்ணு எடுத்து நீட்டுனாரு, நானே உள்ள போட்டேன், வாயை மட்டும் அவரு ஸ்டேப்ளர் அடிச்சாரு. காசு எவ்வளவுன்னேன், பக்கத்தை எண்ணிச் சொன்னாரு, வாங்குனாரு, மிச்ச சில்லறையை எண்ணிக் குடுத்தாரு. வேணாம்மா வெச்சுக்கோன்னு சொல்லியிருந்தா கூட நான் உடைஞ்சு போயிருப்பேன்னு நினைக்கறேன். எல்லாருக்கும் செய்யற வேலை, எல்லாருக்கும் வாங்கற காசு, அப்படித்தான் நடத்துனாரு. அந்த வாரத்துல என்னைப் பாவம்னு பாக்காத முதல் ஆளு அவருதான்.

இன்னிக்கு எஃப்.ஐ.ஆர். வாங்குன கையோட கடைக்குப் போய் சொன்னேன். சந்தோசமுங்கன்னாரு. இப்படி எழுதலாமுங்களான்னு கேட்டேன், எழுதுங்க, பேரும் கடையும் வேண்டாமுன்னுட்டாரு. அதனால திருப்பூர்ல ஒரு ஜெராக்ஸ் கடைன்னு மட்டும் வெச்சுக்கோங்க.

ஏன் இதையே இவ்வளவு நீளமா எழுதறேன்னு கேட்டா, புகார் குடுக்கறதுல பெரிய கஷ்டமே இதுதானுங்க. ஒவ்வொரு மேஜையிலயும் அந்த படத்தை மறுபடியும் காட்டணும். முதல்ல போன எடத்துல (எந்த எடம்னு வேண்டாம்) ஒருத்தர் போனை வாங்கி ஸ்க்ரோல் பண்ணிட்டே "கடன் வாங்குனா கட்டித்தானம்மா ஆகணும்"னாரு. கடன் பாக்கி இருந்தா அதுக்கு கோர்ட்டு இருக்கு, நோட்டீஸ் இருக்கு. பொம்பளை மூஞ்சியை வெட்டி ஒட்டி ஊருக்கெல்லாம் அனுப்பறது குற்றம். ரெண்டும் ஒண்ணு இல்ல, இதை நான் இப்ப யாருகிட்ட வேணாலும் நின்னு பேசுவேன். எங்கம்மாவுக்கு மருந்து வாங்க அவசரம், சனிக்கிழமை சம்பளம் வர்றவங்களுக்கு ஏழு நாள் தவணைன்னா சரியாத்தான் தோணும், அதுல வெக்கப்பட என்ன இருக்கு. 5,000ன்னு காட்டிட்டு 3,000 சொச்சம் மட்டும் போட்டு, ஏழாவது நாளுக்கு முன்னாடியே முழு 5,000 கேட்டு மிரட்டறவன்தான் வெக்கப்படணும். ரிசர்வ் பேங்க் போட்ட குழு 2021-ல பாத்தப்பவே, கிட்டத்தட்ட 1,100 கடன் ஆப்ல 600 சட்டவிரோதம்னு எழுதியிருக்காங்க. அத்தனை ஆப்புக்கும் பின்னாடி எத்தனை சேர், எத்தனை பேர் போனை நெஞ்சோட புடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க.

நான் தெரிஞ்சுக்கிட்டதை சொல்லிடறேன், யாருக்காவது ஆகும். கடன் ஆப்பு நம்ம கான்டாக்ட்டையும் போட்டோவையும் தொடவே கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022-லயே சொல்லியிருக்கு. கடன் குடுக்கற கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து நேரா நம்ம அக்கவுண்ட்டுக்கு வரணும், திருப்பிக் கட்டறதும் அந்தக் கம்பெனிக்கே போகணும், நடுவுல யாரோ பேர்ல யு.பி.ஐ. வந்தாலே சந்தேகப்படுங்க. நெசமான பேங்கு, ஃபைனான்ஸ் ஆளா இருந்தாலும் காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரங்க, சிநேகிதங்களை இழுக்கக் கூடாது. எந்த ஆப்பு எந்த கம்பெனியோடதுன்னு ரிசர்வ் பேங்க் 2025 ஜூலைல இருந்து லிஸ்ட்டே போட்டிருக்கு. லைசென்ஸ் இல்லாத கும்பல்னா புகார் குடுக்க சசேத்னு ரிசர்வ் பேங்க்கோட போர்ட்டல் இருக்கு, லைசென்ஸ் உள்ள கம்பெனியோட ஆளுங்க மிரட்டுனா 14448. நம்ம சட்டசபையிலயும் 2025-ல சட்டம் போட்டாங்க, வசூல்ங்கற பேர்ல மிரட்டுனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, ஆன்லைன் கடனும் அதுல வருது. 2024 ஜூலைல வந்த புது சட்டப்படி எந்த ஸ்டேஷன்ல வேணாலும் புகார் குடுக்கலாம், எங்க லிமிட் இல்லன்னு திருப்பி அனுப்ப முடியாது. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் உண்டு, 15100. ஆப்பை அழிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க. இது எல்லாத்துக்கும் மேல, மனசு தாங்கலைன்னா, வேற எண்ணம் ஏதாச்சும் வந்துச்சுன்னா, 14416க்கு அடிங்க, தமிழ்லயே பேசுவாங்க. நானும் அடிச்சேன். அந்தப் பக்கம் பேசுனவங்களுக்கும் நன்றி.

ஒரு முடிவு எடுத்திருக்கேன், எல்லாரும் பாக்கற எடத்துல எழுதி வெச்சாதான் பின்வாங்க மாட்டேன். எங்க கம்பெனியிலயோ பக்கத்து கம்பெனியிலயோ, திருப்பூர் சுத்துவட்டாரத்துல யாரா இருந்தாலும், ஒடிசால இருந்து பீகார்ல இருந்து வந்து தங்கியிருக்கற புள்ளைங்களா இருந்தாலும், இந்த மாதிரி ஆகி புகார் குடுக்கணும்னா நான் கூட வர்றேன். பிரிண்ட் எடுக்க வர்றேன், நீங்க அடுக்குங்க, நான் வாசல்ல நிக்கறேன். ஸ்டேஷனுக்கு வர்றேன், பக்கத்துல உக்காந்திருக்கேன், சி.எஸ்.ஆர். வாங்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். மனுவுல என்ன எழுதணும், எந்த வரிசையில வெக்கணும்னு இப்ப எனக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. மத்த நாள்ல ஒன்றரை ஷிப்ட் ஓடும், போன் எடுக்க முடியாது, மெசேஜ் போட்டு வைங்க, ராத்திரி பாத்துட்டுக் கூப்பிடறேன். படம் எதுவும் அனுப்ப வேண்டாம், என்ன ஆச்சுன்னும் எழுத வேண்டாம், "கூட வரணும்"னு மட்டும் போடுங்க.