மன்ரேசாவில் அவரைக் காப்பாற்றியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தியான இல்லங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. லண்டனின் ரோஹாம்ப்டன், டப்ளின், அமெரிக்காவின் லூயிசியானா, இந்தப் பக்கம் மட்டக்களப்பு என்று எங்கெங்கோ இருந்த, இருக்கிற இயேசு சபை இல்லங்களுக்கு ஸ்பெயினின் மன்ரேசா என்ற சிற்றூரின் பெயர் எப்படி வந்தது என்று விளக்கியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் அந்த ஊரில் இருந்த நாட்களைப் பற்றி, ஆற்றங்கரைக் குகை, ஆளரவமற்ற மௌனம், 30 நாள் தவம் என்று ஒரு படத்தைக் காட்டி முடித்துவிட்டார். எனக்கு மனத்தாங்கல் அந்தப் படத்தோடுதான்.

1522 மார்ச்சில் மொன்செராத் மலையில் மாதா சந்நிதியில் வாளைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிய இனிகோ (இஞ்ஞாசியாரின் இயற்பெயர்), எருசலேம் போகக் கிளம்பியவர். வழியில் மன்ரேசாவில் சில நாள் தங்கி, கையில் வைத்திருந்த ஏட்டில் கொஞ்சம் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவதாகத்தான் எண்ணம். 1523 பிப்ரவரி வரை நகரவில்லை. தங்கியது முதலில் ஏழைகளுக்கான மருத்துவமனையில், பிறகு தொமினிக்கன் மடத்து அறையொன்றில். சாப்பாடு, தெருத்தெருவாகப் போய் வாங்கிய பிச்சை. குகையில் ஜெபித்தார் என்பது அந்த ஊர் காத்து வரும் மரபு, நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் ரோமையில் தன் கதையை லூயிஸ் கொன்சால்வெஸ் த கமாரா என்ற குருவிடம் சொல்லி எழுத வைத்தபோது, குகை என்ற பேச்சையே இஞ்ஞாசியார் எடுக்கவில்லை!

அவர் சொன்னது வேறு. சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பக் குருவிடம் அறிக்கையிட்டு, பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் ஆறவில்லை. எதையோ விட்டுவிட்டோம் என்ற அரிப்பு. அந்த மடத்து அறையில் இருந்த ஒரு பெரிய துவாரத்தின் வழியாகக் குதித்து உயிரை விட்டுவிடலாமா என்றுகூட உந்துதல் வந்ததாம். கடவுள் இரங்கும்வரை அன்னம் தண்ணீர் தொடமாட்டேன் என்று ஒரு ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரை கிடந்தார். அதை நிறுத்தியது தரிசனம் அல்ல, ஆன்ம குரு. 'போதும், சாப்பிடு' என்று அவர் கட்டளையிட்டார், இவர் கீழ்ப்படிந்தார். அந்தக் குளிர்காலத்தில் கடுமையாக நோய் கண்டபோது ஊரார் ஒரு வீட்டில் படுக்க வைத்தார்கள். வசதியான குடும்பத்துப் பெண்கள் இரவெல்லாம் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தேறிய பிறகும் விடவில்லை. செருப்புப் போடு, தலையை மூடு என்று வற்புறுத்தி, முரட்டுப் பழுப்புத் துணியில் இரண்டு சட்டையும் ஒரு தொப்பியும் அணிய வைத்தார்கள். அந்தச் சட்டைகளை அவர் முதுமையிலும் மறக்கவில்லை.

கார்டோனர் ஆற்றங்கரையில் அவருக்குக் கிடைத்த பெரும் தெளிவை நான் குறைத்துப் பேசவில்லை. அதைத் தாங்கும் உடம்பையும் புத்தியையும் அந்த ஊர்தான் காத்துக் கொடுத்தது என்கிறேன். தனிமை மட்டும் போதுமென்றால் அவர் அங்கேயே முடிந்திருப்பார்.

இது நமக்கு ஏன் முக்கியம்? நம் பக்கத்தில் ஞான ஒடுக்கம் (தியானம்) என்றால் தவக்காலத்தில் மூன்று மாலை பிரசங்கம், மைக் செட், கடைசி நாள் பாவசங்கீர்த்தன வரிசை. இல்லையென்றால் வண்டி பிடித்துக் கேரளாவின் போட்டா தியான மையம். முரிங்கூரில் பெரிய மையம் வந்த பின்னும் 'போட்டாவுக்குப் போய் வந்தோம்' என்பதுதான் நம் பேச்சு வழக்கு, அந்தப் பெயரும் நம் மன்ரேசாவாகிவிட்டது. அங்கே போய்க் குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும், குறை சொல்ல வாய் வராது. ஆனால் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து கேட்பதும், ஒருவர் எதிரே அமர்ந்து தன் மனத்தில் ஓடுவதைச் சொல்வதும் ஒன்றாகாது.

இஞ்ஞாசியார் எழுதி, 1548-இல் மூன்றாம் பவுல் பாப்பரசரின் ஒப்புதலோடு அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கக் குறிப்புகளைப் பாருங்கள். வழிநடத்துபவர் சுருக்கமாகப் பேச வேண்டும் என்கிறது இரண்டாவது குறிப்பு. எந்தப் பக்கமும் சாய்க்காமல் தராசு முள் போல நடுவே நிற்க வேண்டும், படைத்தவரே அந்த ஆன்மாவோடு பேசட்டும் என்கிறது 15-ஆவது. 19-ஆவதைப் படித்தால் நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: பொறுப்புகளில் மாட்டிக்கொண்டவர்கள் வேலையை விடாமல், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி இதே பயிற்சிகளைச் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எளிய முறையை 18-ஆவதில் சொல்லியிருக்கிறார். மலைமேல் இல்லமும் வேண்டாம், லீவும் வேண்டாம். வாரம் ஒருமுறை உட்கார்ந்து கேட்க, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அவர் குருவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கன்னியாஸ்திரிகள் செய்யலாம், பயிற்சி பெற்ற பொதுநிலையினரும் செய்யலாம்.

மூன்று மாலைப் பிரசங்கத்துக்குப் பந்தல், ஒலிபெருக்கி, போஸ்டர் என்று செலவழிக்கும் பங்குத் தேவாலயங்கள், அதில் ஒரு பகுதியை எடுத்து, பங்குக்கு இரண்டு பேரையாவது இந்த வழிநடத்தும் பயிற்சிக்கு அனுப்பலாமே. இரவுப் பணி செய்யும் செவிலியரும், கைக்குழந்தைக்காரிகளும், கடையை மூட முடியாத வியாபாரிகளும் எத்தனை ஆண்டுதான் 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டிருப்பது?

இந்த 18, 19-ஆம் குறிப்புகளைத் தமிழில் முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே, வீட்டிலிருந்தபடியே இப்பயிற்சிகளைச் செய்ய வழிநடத்துபவர்கள் எந்தெந்த மறைமாவட்டத்தில் கிடைப்பார்கள் என்று விசாரித்துப் போட்டால், தபால் செலவு எவ்வளவானாலும் பத்துப் பிரதி கூடுதலாக வாங்கி எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவில்) கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை